திருகுகள்ளி: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

வேலியோரம் பச்சைப் பென்சில்களைக் கட்டுக்கட்டாக நட்டுவைத்தது போல ஒரு செடி நிற்குமே, அதைப் பற்றியவை இந்தக் கேள்விகள். கொம்புக்கள்ளி, குச்சிக்கள்ளி என்றும் சொல்வார்கள். மாடித்தோட்ட நண்பர்கள், கல்லூரி மாணவர்கள், ஊர்க்காரர்கள் எனப் பலரும் கேட்டவற்றை ஒன்றாகச் சேர்த்திருக்கிறேன்.

கள்ளியில் பல வகை இருக்கிறதே, இது எது?

'கள்ளி' என்பது ஒரே செடியின் பெயர் இல்லை. முள்ளோ பாலோ சதைப்பற்றோ உள்ளதற்கெல்லாம் நம் ஊரில் அந்தப் பெயர்தான். அதனால் முதலில் கையில் இருப்பது எந்தக் கள்ளி என்று பார்த்துக்கொள்வது நல்லது.

தண்டு மூன்று நான்கு பட்டையாக, விளிம்பில் ஜோடி ஜோடியாக முள் வைத்திருந்தால் அது சதுரக்கள்ளி. தண்டின் நுனியில் தடித்த, அகலமான இலைகள் கொத்தாக இருந்தால் இலைக்கள்ளி. அடுக்கிவைத்த சப்பாத்தி போலத் தட்டைத் தட்டையாக இருந்து, கீறினால் பால் வராவிட்டால் சப்பாத்திக்கள்ளி. தண்டு உருண்டையாக, வழுவழுப்பாக, முள்ளே இல்லாமல், ஒடித்தவுடன் பால் கொட்டினால் அதுதான் திருகுகள்ளி. இளங்குச்சிகள் ஐந்து முதல் எட்டு மில்லிமீட்டர் கனம் இருக்கும். பென்சில் என்று சொன்னது வெறும் உவமை இல்லை, அளவும் அதுதான்.

பெரும்பாலும் ஆள் உயரத்துக்கும் கொஞ்சம் மேலே புதராக நிற்கும். வெட்டாமல் விட்டால் அடிமரம் பருத்து, பட்டை பழுப்பாகி வெடித்து, பத்து மீட்டர் வரைகூட மரமாக வளரும். பழைய தோப்பு ஒன்றின் மூலையில் அப்படி ஒரு மரத்தைப் பார்த்துவிட்டு இதுவும் அதே செடிதான் என்று நம்ப எனக்கே கொஞ்ச நேரம் ஆனது.

அப்படியென்றால் இது கேக்டஸ் இல்லையா?

இல்லை. நர்சரியில் 'பென்சில் கேக்டஸ்' என்று எழுதி வைத்திருந்தாலும் இல்லை. இது ஆமணக்கு, மரவள்ளி, ரப்பர் மரம் ஆகியவற்றோடு யூஃபோர்பியேசி குடும்பத்தைச் சேர்ந்தது. அந்தக் குடும்பத்தில் யூஃபோர்பியா என்ற பேரினத்தில் மட்டும் ஏறத்தாழ 2,000 சிற்றினங்கள் உண்டு. வாசலில் முளைக்கும் அம்மான் பச்சரிசியும் மலைப்பகுதித் தோட்டங்களில் சிவக்கும் கிறிஸ்துமஸ் செடியும் இதன் பங்காளிகள்.

கேக்டஸ்கள் அமெரிக்கக் கண்டங்களைச் சேர்ந்தவை. விதிவிலக்காக ஒன்றே ஒன்று, மரங்களில் தொற்றி வளரும் ரிப்சாலிஸ், ஆப்பிரிக்காவிலும் இலங்கையிலும் இயற்கையாக இருக்கிறது. நம்முடைய சப்பாத்திக்கள்ளியும் கடல் கடந்து வந்ததுதான். யூஃபோர்பியாவின் சதைப்பற்றுள்ள வகைகளோ முக்கியமாக ஆப்பிரிக்காவில் உருவானவை. இரண்டு இடத்திலும் வெயில், வறட்சி என்ற ஒரே சிக்கல். அதனால் உறவே இல்லாத இரண்டு குடும்பங்கள் ஒரே மாதிரி உடம்பை வளர்த்துக்கொண்டன. வேறுபாட்டை உறுதிசெய்யப் பூவைப் பார்த்தால் போதும். கேக்டஸ் பூ பெரிதாக, பல இதழ்களோடு இருக்கும். இதன் பூ என்னவென்று கீழே வருகிறது, அது ஒரு தனிக் கதை.

'டிருகல்லி' என்ற அறிவியல் பெயர் நம் மொழியிலிருந்து போனதாமே?

ஆமாம், மலபார் வழியாக. கொச்சியில் டச்சு ஆளுநராக இருந்த ஹென்ட்ரிக் வான் ரீடு, 'ஹோர்ட்டஸ் மலபாரிக்கஸ்' என்ற தாவர நூலை 12 தொகுதிகளாக ஆம்ஸ்டர்டாமில் வெளியிட்டார். 1678இல் தொடங்கி 1693 வரை வந்தது. 742 செடிகள் பற்றிய அந்த நூலுக்குச் செடிப்பெயர்களையும் மருந்துக்குறிப்புகளையும் சொன்னவர்களில் முதன்மையானவர் இட்டி அச்சுதன் என்ற ஈழவ வைத்தியர். அந்த நூலில் இந்தச் செடி 'திருக்கள்ளி' என்ற உள்ளூர்ப் பெயரிலேயே பதிவானது. சுவீடன் நாட்டு லின்னேயஸ் 1753இல் தாவரங்களுக்கு இரட்டைப் பெயர் வைத்தபோது, அதை அப்படியே எடுத்து 'யூஃபோர்பியா டிருகல்லி' என்றார். முன்பாதி, மாரிடேனியா மன்னர் இரண்டாம் ஜூபாவின் வைத்தியரான யூஃபோர்பஸின் பெயரிலிருந்து வந்தது. ஆக, வட ஆப்பிரிக்க அரண்மனை வைத்தியர் ஒருவரும் நம் பக்கத்துக் கள்ளியும் ஒரே பெயரில் சேர்ந்துவிட்டார்கள்.

மலையாளத்தில் 'திரு' என்று இருப்பதால் 'மங்கலமான கள்ளி' என்று பொருள் சொல்பவர்கள் உண்டு. தமிழில் 'திருகு' என்பதால் முறுக்கிய கள்ளி என்றும் கொள்ளலாம். ஒன்றோடொன்று பின்னிக் கிடக்கும் குச்சிகளைப் பார்த்தவன் என்ற முறையில் என் ஓட்டு 'திருகு'க்குத்தான்.

பெயர் அதோடு நிற்கவில்லை. இதன் பாலில் உள்ள ஒரு டிரைடெர்பீன் சேர்மத்துக்கு 'டிருகல்லால்' என்று பெயர். அதே அமைப்புள்ள சேர்மங்களின் குழுவையே வேதியியலாளர்கள் 'டிருகல்லேன்' வகை என்கிறார்கள். வேப்ப மரத்துக் கசப்புப் பொருள்கள் உருவாகும் வழியைப் பேசும்போதுகூட அந்தச் சொல் வரும்.

பெயர் நம்முடையது, சரி. செடியும் இந்த ஊர்தானே?

பெயரை வைத்து அப்படித்தான் தோன்றும். ஆனால் சொந்த ஊர் கிழக்கு, தென் ஆப்பிரிக்காவும் மடகாஸ்கரும். வான் ரீடு காலத்திலேயே மலபாரில் உள்ளூர்ப் பெயரோடு இருந்திருக்கிறது என்றால், அதற்கும் முன்பே வந்து வேரூன்றிவிட்டது என்று பொருள். ஒரு போத்தை ஒடித்துக் கப்பலில் போட்டால் வாரக்கணக்கில் வாடாமல் கிடக்கும் செடிக்குக் கடல் கடப்பது பெரிய காரியம் இல்லை. ஆப்பிரிக்காவிலும் இதை வீட்டைச் சுற்றியும் மாட்டுப்பட்டியைச் சுற்றியும் வேலியாகத்தான் நட்டார்கள்.

சங்கப் பாடல்களில் வரும் கள்ளி இதுதானா?

இருக்க வாய்ப்பில்லை. பாலைநிலப் பாடல்களில் கள்ளி அடிக்கடி வருகிறது. குறுந்தொகையின் 174ஆம் பாடல் அதைக் 'கவைமுள் கள்ளி' என்கிறது. கவைத்த முள், அதாவது இரட்டையாகப் பிரிந்த முள். திருகுகள்ளிக்கு முள்ளே கிடையாது. ஜோடி முள் உள்ள சதுரக்கள்ளி வகைக்குத்தான் அந்த அடைமொழி பொருந்தும்.

அந்தப் பாடலில் இன்னொரு நுட்பம் இருக்கிறது. கள்ளியின் காய் வெடிக்கும் 'கடுநொடி' கேட்டுத் துணையோடு இருந்த புறா வெருண்டு பறக்கிறதாம். யூஃபோர்பியாவின் காய் உண்மையிலேயே அப்படித்தான் வெடிக்கும். மூன்று அறைகள் கொண்ட காய் முற்றிக் காயும்போது சுவர்களில் இறுக்கம் ஏறி, ஒரு கட்டத்தில் சட்டென்று தெறித்து விதைகளை எறிந்துவிடும். பாடியவர் காட்டில் நின்று கேட்டிருக்க வேண்டும். ஏட்டைப் பார்த்து எழுத வரும் செய்தி இல்லை இது.

இதற்கு இலையே கிடையாதா?

உண்டு. மழை பெய்து புதுத்தளிர் விடும்போது குச்சிகளின் நுனியை உற்றுப் பாருங்கள். ஒன்று, இரண்டு சென்டிமீட்டர் நீளத்தில், மூன்று நான்கு மில்லிமீட்டர் அகலத்தில் சின்னச்சின்ன இலைகள் நிற்கும். கொஞ்ச நாளில் உதிர்ந்துவிடும். அதன்பின் குச்சியில் லேசான தழும்பு மட்டும் மிஞ்சும். வருடத்தில் பெரும்பகுதி அவை கண்ணில் படாததால் 'இலையில்லாச் செடி' என்று பெயர் வாங்கிவிட்டது.

இலை உதிர்ந்த பிறகு எப்படி உணவு தயாரிக்கிறது?

பச்சைக் குச்சிதான் இலையின் வேலையைச் செய்கிறது. எனக்கு இந்தச் செடியில் மிகவும் பிடித்த பகுதி இதுதான், கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன்.

ஒளிச்சேர்க்கைக்குக் கரியமில வாயு வேண்டும். அது உள்ளே வர இலைத்துளைகள் திறக்க வேண்டும். திறந்தால் உள்ளிருக்கும் தண்ணீர் ஆவியாகி வெளியே போகும். நெல், வாழை எல்லாம் பகலில் துளையைத் திறந்துவைத்துத் தண்ணீரைச் செலவழித்து வாழ்பவை. நம் ஊர் சித்திரை வெயிலில் தரிசு நிலத்தில் அந்தச் செலவு கட்டுப்படியாகாது.

திருகுகள்ளியின் தண்டு இரவில் துளைகளைத் திறக்கிறது. அப்போது காற்று குளிர்ந்து, ஈரம் கூடியிருப்பதால் இழப்பு குறைவு. உள்ளே வந்த கரியமில வாயுவை மாலிக் அமிலமாக மாற்றி, செல்லின் நுண்குமிழ்களில் சேர்த்துவைக்கிறது. விடிந்ததும் கதவை மூடிக்கொண்டு, சேர்த்த அமிலத்தை உடைத்து, அதில் வரும் வாயுவை வெயிலின் துணையோடு சர்க்கரையாக்குகிறது. இரவில் கொள்முதல், பகலில் சமையல். கற்றாழையும் அன்னாசியும் சோற்றுக்கு வழி தேடுவது இதே முறையில்தான். பாடப்புத்தகத்தில் இதைக் 'கேம்' வகை ஒளிச்சேர்க்கை என்பார்கள்.

வேடிக்கை என்னவென்றால், திருகுகள்ளியின் அந்தச் சின்ன இலைகள் இந்த முறையைப் பின்பற்றுவதில்லை. அவை நெல்லைப் போலச் சாதாரணமாகப் பகலில் இயங்குகின்றன. மழைக்காலத்தில் தண்ணீர் தாராளமாகக் கிடைக்கும்போது இலை போட்டு விரைவாகச் சம்பாதிக்கும். வறண்டவுடன் இலையை உதறிவிட்டுத் தண்டின் சிக்கனக் கணக்குக்கு மாறிவிடும். ஒரே செடியில் இரண்டு குடித்தன முறை.

இது பூக்குமா? நான் பார்த்ததே இல்லை.

பார்த்திருப்பீர்கள், பூ என்று நினைத்திருக்க மாட்டீர்கள். கிளை நுனிகளில் மிளகளவுகூட இல்லாத மஞ்சள் பொட்டுகள் கொத்தாக இருக்கும். எறும்பும் ஈயும் மொய்த்தால் அங்கேதான்.

அந்தப் பொட்டு ஒவ்வொன்றும் ஒரு பூ அல்ல, ஒரு பூங்கொத்து. பெயர் சயாத்தியம். பூவடிச் செதில்கள் ஒட்டிச் சேர்ந்து ஒரு குட்டிக் கிண்ணம் ஆகின்றன. கிண்ணத்தின் விளிம்பில் ஐந்து தேன்சுரப்பிகள். உள்ளே இருக்கும் ஆண் பூ என்பது ஒரே ஒரு மகரந்தத்தாள். இதழ் இல்லை, புல்லி இல்லை. பெண் பூ என்பது ஒரே ஒரு சூலகம். அதற்கும் வேறு எதுவும் இல்லை. எல்லாம் சேர்ந்து தூரத்திலிருந்து ஒரே பூ போல வேஷம் போடுகின்றன. லின்னேயஸே ஏமாந்தார்; பல மகரந்தத்தாள் கொண்ட ஒற்றைப் பூ என்று எண்ணி, அதற்கேற்ற வகுப்பில் வைத்துவிட்டார்.

வேஷம் கலைவது ஒரு சின்ன மூட்டால். ஒரு மகரந்தத்தாளை லென்ஸில் பார்த்தால் நடுவில் கணு போல ஓர் இணைப்பு தெரியும். அதற்குக் கீழே இருப்பது பூக்காம்பு, மேலே இருப்பது மகரந்தத்தாள். காம்பு தனியாக இருக்கிறதென்றால் அது தனிப் பூ. மாணவர்கள் இதைப் பார்க்க வேண்டுமானால் கண்ணாடி அணிந்து, கையுறை போட்டு, ஒடித்த கொத்தைத் தண்ணீரில் கழுவிய பிறகு பிரித்துப் பாருங்கள். நான் வெறுங்கையோடு செய்து இரண்டு நாள் விரல் எரிச்சலோடு திரிந்தேன்.

எங்கள் வேலி முழுக்கப் பூக்கிறது, ஒரு காய்கூட இல்லை. ஏன்?

திருகுகள்ளியில் பெரும்பாலும் ஆண் செடி வேறு, பெண் செடி வேறு. ஒரே தாய்ச்செடியிலிருந்து போத்து ஒடித்து நட்ட வேலி என்றால் அத்தனையும் ஒரே செடியின் நகல்கள், ஒரே பால். அது ஆணாக இருந்தால் எத்தனை வருடம் காத்திருந்தாலும் காய் வராது. பெண் செடியும் பக்கத்தில் இருந்தால், மூன்று புடைப்புள்ள சிறு காய் வரும். விதையின் தலையில் எறும்புக்குப் பிடித்த கொழுப்புச் சதை ஒன்று ஒட்டியிருக்கும். காய் வெடித்து எறிந்ததுபோக, மிச்சத் தூரத்துக்கு எறும்பு தூக்கிப்போகும்.

ஒடித்தவுடன் இவ்வளவு பால் எப்படி வருகிறது?

பால் ஓடுவதற்கென்று தனிச் செல்கள் இருக்கின்றன. விதைக்குள் கருவாக இருக்கும்போதே சில செல்கள் இந்த வேலைக்கு ஒதுக்கப்பட்டுவிடுகின்றன. செடி வளர வளர அவையும் மற்ற செல்களின் இடுக்கில் நுழைந்து, கிளைத்து, வேர் முதல் நுனி வரை நீண்டுகொண்டே போகும். நடுவில் தடுப்புச்சுவர் கிடையாது. நூற்றுக்கணக்கான உட்கருக்கள் ஒரே குழாயில் மிதக்கும். தாவர உலகின் மிக நீளமான செல்களில் இவையும் சேரும். உள்ளே அழுத்தம் இருப்பதால், குச்சி ஒடிந்த கணமே பால் பீறிடுகிறது. நுண்ணோக்கியில் ஒரு சொட்டைப் பார்த்தால் அதில் எலும்புத்துண்டு வடிவத்தில் மாவுப்பொருள் மணிகள் தெரியும்.

இந்தப் பால் செடிக்கு உணவு அல்ல, தற்காப்பு. இன்ஜினால், ஃபோர்பால் வகை எஸ்டர்கள் இதில் உண்டு. தோலையும் கண்ணையும் புண்ணாக்குபவை அவைதான். அதனால்தான் முள் இல்லாமலே பிழைத்திருக்கிறது.

பால் கண்ணில் பட்டுவிட்டால் என்ன செய்வது?

உடனே, தாமதமே இல்லாமல், சுத்தமான தண்ணீரில் கண்ணைத் திறந்துவைத்துக் கால் மணி நேரமாவது கழுவுங்கள். கழுவியதும் கண் மருத்துவரிடம் போங்கள். முதலில் வலி குறைவாக இருக்கிறதே என்று வீட்டில் இருந்துவிட வேண்டாம். சில மணி நேரம் கழித்துத்தான் கரு விழியில் வீக்கம் கூடி, வெளிச்சம் பார்க்க முடியாமல், பார்வை மங்கும். சரியான சிகிச்சை கிடைத்தால் பெரும்பாலும் சில நாட்களில் தெளிந்துவிடும். தாய்ப்பால் விடுவது, எண்ணெய் விடுவது எதுவும் வேண்டாம். தோலில் பட்டால் சோப்புப் போட்டுக் கழுவினால் போதும். கழுவும்வரை முகத்தைத் தொடாதீர்கள்.

எங்கள் வீட்டில் வேலி கவாத்து செய்யும் நாளில் அப்பா காற்று எந்தப் பக்கம் வீசுகிறது என்று பார்த்துவிட்டுத்தான் அரிவாளை எடுப்பார். தலைக்கு மேல் உள்ள கிளையை வெட்டவே மாட்டார். இப்போது நான் பாதுகாப்புக் கண்ணாடியையும் சேர்த்துக்கொண்டிருக்கிறேன்.

பெண் சிசுக்களுக்குக் கொடுத்த கள்ளிப்பால் இதுதானா?

இந்தக் கேள்வி வராமல் இருக்காது. உசிலம்பட்டி, சேலம், தருமபுரிப் பகுதிகளிலிருந்து 1980களிலும் 90களிலும் வந்த செய்திகளால்தான் 'கள்ளிப்பால்' என்ற சொல்லே கனத்துப்போனது. 1992இல் தமிழக அரசு தொட்டில் குழந்தைத் திட்டம் கொண்டுவந்ததும் அதன் தொடர்ச்சியே. பேச்சில் எல்லாவற்றுக்கும் கள்ளிப்பால் என்றே சொன்னார்கள். எருக்கம்பாலும் அதில் சேர்ந்தது. ஒரு குறிப்பிட்ட செடியின் மேல் பழியைப் போட முடியாது, செடியின் மேல் போடுவதில் நியாயமும் இல்லை.

புற்றுநோய்க்கு மருந்து என்கிறார்கள், சிலர் புற்றுநோயே வரும் என்கிறார்கள். எது சரி?

மருந்து என்று குடிக்காதீர்கள். இதை மட்டும் முதலில் சொல்லிவிடுகிறேன்.

1958இல் உகாண்டாவில் பணியாற்றிய அறுவை மருத்துவர் டெனிஸ் பர்கிட், குழந்தைகளின் தாடையில் வரும் ஒரு வகை நிணநீர்ப் புற்றுநோயை விவரித்தார். அதில் எப்ஸ்டீன்–பார் என்ற வைரஸுக்கும் மலேரியாவுக்கும் பங்கு உண்டு என்று பின்னர் தெரிந்தது. நோய் அதிகம் இருந்த பகுதிகளில் வீட்டைச் சுற்றித் திருகுகள்ளி நிறைய வளர்வதைக் கவனித்து ஆராய்ந்தபோது, அதன் பால் உறங்கிக்கிடக்கும் அந்த வைரஸைச் சோதனைக்கூடத்தில் எழுப்பிவிடுவது தெரியவந்தது. வேலியில் செடி இருப்பதாலேயே நோய் வரும் என்று இதற்குப் பொருள் இல்லை. ஆனால் உள்ளுக்குச் சாப்பிடும் பொருள் இல்லை என்பதற்கு இதைவிடக் காரணம் வேண்டாம்.

மருந்துப் பக்கமும் முழுக்கப் பொய் இல்லை. இன்னொரு யூஃபோர்பியாவிலிருந்து எடுத்த இன்ஜினால் மெபுடேட் என்ற பொருள், வெயிலால் வரும் தோல் பாதிப்புக்குக் களிம்பாக 2012இல் அமெரிக்காவில் அனுமதி பெற்றது. தோல் புற்றுநோய் வாய்ப்பைக் கூட்டலாம் என்ற ஐயத்தால் 2020இல் ஐரோப்பாவில் சந்தையிலிருந்து எடுக்கப்பட்டது. சுத்திகரித்து, அளந்து, மருத்துவர் கையால் கொடுத்ததற்கே இந்தக் கதி என்றால், வேலியில் ஒடித்த பாலைப் பல்வலிக்கும் பாலுண்ணிக்கும் தடவுவதைப் பற்றி நீங்களே யோசித்துக்கொள்ளுங்கள்.

இதிலிருந்து பெட்ரோல் எடுக்கலாமாமே?

எடுக்கலாம், கட்டுப்படியாகவில்லை. ஒளிச்சேர்க்கையில் கரியமில வாயு சர்க்கரையாகும் பாதையைக் கண்டறிந்ததற்காக 1961இல் வேதியியல் நோபல் பெற்ற மெல்வின் கால்வின், 1973 எண்ணெய் நெருக்கடிக்குப் பிறகு இந்தச் செடியின் பக்கம் திரும்பினார். பாலில் உள்ள ஹைட்ரோகார்பன்களைப் பிரித்து எரிபொருளாக்கலாம், விவசாயத்துக்கு உதவாத நிலத்தில் வளர்க்கலாம் என்பது அவர் யோசனை. எண்ணெய் விலை இறங்கியதும் ஆர்வமும் இறங்கிவிட்டது. அதற்கு முன் ரப்பர் எடுக்கவும் முயன்றார்கள். பாலில் ரப்பரைவிடப் பிசின்தான் மிகுதி என்பதால் அதுவும் நிலைக்கவில்லை. இப்போது பாலை விட்டுவிட்டு, செடி முழுவதையும் சாண எரிவாயுக் கலன் போன்ற ஒன்றில் நொதிக்கவைத்து மீத்தேன் எடுக்கும் யோசனை பேசப்படுகிறது. தண்ணீர் குறைவாகக் கேட்கும் செடி என்பதால் எனக்கு இது கொஞ்சம் நம்பிக்கையாகவே படுகிறது.

எப்படி நடுவது?

சாண், ஒன்றரைச் சாண் நீளப் போத்தை ஒடித்து, பால் வடிவது நிற்கும்வரை வெட்டுவாயைத் தண்ணீரில் காட்டுங்கள். பின் நிழலில் ஒரு வாரம் போட்டு வெட்டுவாய் காய்ந்தபின், மணல் கலந்த மண்ணில் நடுங்கள். பச்சையாக நட்டுத் தண்ணீர் ஊற்றினால் அழுகும். தொட்டியில் இது சாவது பெரும்பாலும் தண்ணீர் கூடித்தான். குழந்தைகள் கைக்கு எட்டும் இடத்திலும், நாய்க்குட்டி கடித்து விளையாடும் வீட்டிலும் வைக்க வேண்டாம்.

ஆடு, மாடு தின்னுமா?

தின்னாது. வேலிக்கு இதை நடுவதே அதற்காகத்தான். ஆனால் கொங்குப் பக்கத்துக் கிளுவை வேலி முள்ளோடு அடைக்கும், தழையும் கொடுக்கும்; திருகுகள்ளி மறைப்பு மட்டும்தான் தரும். மேய்ச்சல் இருக்கும் வீட்டில் எனக்குக் கிளுவைதான் முதல் தேர்வு.

நர்சரியில் ஆரஞ்சு, சிவப்பு நிறத்தில் விற்கிறார்களே, சாயம் பூசியதா?

இல்லை. அதுவும் திருகுகள்ளிதான், 'ஸ்டிக்ஸ் ஆன் ஃபயர்' என்ற தோட்டவகை. பச்சையம் குறைவு, அதனால் வளர்ச்சியும் மெதுவு, உயரமும் குறைவு. நல்ல வெயிலும் கொஞ்சம் குளிரும் சேர்ந்தால் நுனிகள் சிவக்கும். நிழலில் வைத்தால் மாதக்கணக்கில் மஞ்சளாகி, பச்சையாகி, கடைக்காரர் ஏமாற்றிவிட்டார் என்று தோன்றும். மொட்டைமாடி வெயிலுக்கு மாற்றுங்கள், நிறம் திரும்பிவிடும். நிறம் மாறினாலும் பால் அதே பால்தான். தூக்கும்போது கண்ணாடி போட்டுக்கொள்ளுங்கள்.